எழுதப்படும் உரிமைகள் – 6: பத்து வருடத்துக்கு மட்டும் கொடுத்த உரிமை

2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் புறப்பட்டவர்கள் ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள். இருநூறு வருடங்களுக்கு முன் கோப்பித் தோட்டங்களுக்கு அழைத்து வரப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் நடந்த வழி அது. பசியிலும் நோயிலும் அந்த வழியில் விழுந்தவர்கள் ஏராளம். சிவில் சமூக அமைப்புகளும் திருச்சபைகளும் சேர்ந்து நடத்திய அந்த நடைபயணம் அஞ்சலியோடு கோரிக்கைகளையும் சுமந்து வந்தது: காணி, வீடு, வாழப் போதுமான சம்பளம், சமமான பிரஜாவுரிமை.

சுதந்திரம் கிடைத்த 1948இலேயே, 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அந்தத் தொழிலாளர்களின் வழிவந்த மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1978 அரசியலமைப்பு அடிப்படை உரிமைகளை அடுக்கியபோது, பேச்சு, ஒன்றுகூடல், தொழிற்சங்கம் ஆகிய உரிமைகளை 14ஆம் உறுப்புரை பிரஜைகளுக்கே அளித்தது. நிரந்தரமாக வசித்துவந்த நாடற்றோருக்கும் அவை கிடைத்தன, ஆனால் பத்து வருடங்களுக்கு மட்டும். ரத்தோட்டை மலையில் பிறந்து அங்கேயே உழைத்த நாடற்ற தொழிலாளி சங்கத்தில் சேரும் உரிமைக்கும் தவணை குறிக்கப்பட்டது! எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

பாதிக்கப்பட்டோர் இல்லாமல் எழுதினால் உரிமை இப்படித்தான் அமையும். 2016இல் வேறு வழி திறந்தது. லால் விஜேநாயக்க தலைமையில் அமைச்சரவை நியமித்த இருபது பேர் குழு, 25 மாவட்டங்களிலும் அமர்வு நடத்தி, புதிய அரசியலமைப்புப் பற்றி மக்களின் கருத்தைக் கேட்டது. சட்டத்தரணிகளும் கல்வியாளர்களும் செயற்பாட்டாளர்களும் அதில் இருந்தார்கள். அந்த வருட மார்ச்சில், அரசியலமைப்பை வரைய நாடாளுமன்றம் அரசமைப்புச் சபையானது. அதன் அடிப்படை உரிமைகள் உபகுழுவுக்கு மகிந்த சமரசிங்க தலைமை தாங்கினார். நவம்பரில் உபகுழுவின் அறிக்கை வந்தது.

விஜேநாயக்க குழுவும் உபகுழுவும் அந்த வருடம் தந்த இரு அறிக்கைகளிலும் இருந்தவை சிறிய திருத்தங்கள் அல்ல. வாழும் உரிமையை வெளிப்படையாக எழுத வேண்டும். வீடு, சுகாதாரம், கல்வி போன்ற சமூக, பொருளாதார உரிமைகளைச் சேர்க்க வேண்டும். அடிப்படை உரிமைக்கு முரணான பழைய சட்டங்களையும் செல்லுபடியாக்கும் 16ஆம் உறுப்புரையை நீக்க வேண்டும். வீட்டுரிமை அரசியலமைப்பில் இருந்தால், லயன் அறையில் வாழும் குடும்பம் சலுகைக்காகக் கெஞ்ச வேண்டாம். உயர் நீதிமன்றத்தில் வழக்காடலாம்.

2018 அக்டோபர் அரசியல் நெருக்கடியோடு அந்த முயற்சி முடங்கியது. மக்களைக் கூட்டவும் வாதாடவும் சிவில் சமூகத்தால் முடியும். நிறைவேற்றத் தேவையான மூன்றில் இரண்டு பெரும்பான்மை அரசியல்வாதிகளின் கையில்தான் இருக்கிறது. ஒருவரை ஒருவர் விலக்கி இந்த வேலை நடக்காது.

புதிய அரசியலமைப்பைப் பேசுகிறவர்கள் இன்னொரு குழுவை நியமித்து முதலிலிருந்து தொடங்க வேண்டாம். 2016 அறிக்கைகளை மேசைக்குக் கொண்டுவாருங்கள். மாத்தளை வாசகர்களே, கட்சி பாராமல் உங்கள் மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் இதைக் கேளுங்கள்.