ராக்கெட் அரசுடையது, பிரார்த்தனை யாருடையது?

1968 டிசம்பர் 24. நிலவைச் சுற்றிக்கொண்டிருந்த அப்போலோ 8 கலத்திலிருந்து நேரலை. பில் ஆண்டர்ஸ், ஜிம் லோவெல், ஃபிராங்க் போர்மன் மூவரும் மாறி மாறி ஆதியாகமத்தின் முதல் பத்து வசனங்களை வாசித்தார்கள். பூமியில் கோடிக்கணக்கானோர் கேட்டு நெகிழ்ந்தார்கள். மேடலின் மர்ரி ஓ'ஹேர் என்ற பெண்மணி மட்டும் நாசாமீது வழக்குத் தொடர்ந்தார்.

அவர் நாத்திகர். அரசுப் பள்ளிகளில் பைபிள் வாசிக்கும் வழக்கத்துக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963-இல் முற்றுப்புள்ளி வைத்ததே, அந்தத் தீர்ப்புக்குக் காரணமான இரண்டு வழக்குகளில் ஒன்று அவர் தொடுத்தது. விண்வெளி வீரர்கள் அரசு ஊழியர்கள், கலம் மக்கள் வரிப்பணத்தில் பறப்பது, அங்கிருந்து ஒரு மதத்தின் வேதம் ஒலித்தால் அது அரசே ஓதியதாகும் என்பது அவருடைய வாதம்.

அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் இதில் அரசுக்கு இரண்டு தடைகளை விதிக்கிறது. எந்த மதத்தையும் அரசு மதமாக நிறுவக் கூடாது. தன் மதத்தைப் பின்பற்றும் எவரையும் தடுக்கவும் கூடாது. தரையில் இதைக் கடைப்பிடிப்பது ஓரளவு எளிது. அலுவலகத்தில் பேசாமல் இருந்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கும்பிட்டுக்கொள்ளலாம். விண்கலத்திலோ வீடும் அலுவலகமும் ஒன்றுதான்.

டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது, மேல்முறையீடும் பலிக்கவில்லை. எதை வாசிப்பது என்று நாசா கட்டளையிட்டிருக்கவில்லை. பொருத்தமாக ஏதாவது சொல்லுங்கள் என்றுதான் போர்மனிடம் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் ஓ'ஹேர் எழுப்பிய கேள்வி நியாயமானது என்றே நான் கருதுகிறேன். நம்பாதவரும் வேற்று மதத்தவரும் கட்டிய வரியும் அந்தக் கலத்தில் இருந்தது.

அவருடைய எதிர்ப்பின் நிழல் 1969-இலேயே நிலவில் விழுந்தது. விண்வெளி வீரர் பஸ் ஆல்ட்ரின் பிரெஸ்பிட்டீரியன் சபையின் மூப்பர். நிலவில் இறங்கியதும் திருவிருந்து எடுக்க விரும்பி, அப்பமும் திராட்சை ரசமும் சிறு கிண்ணமும் கொண்டுபோயிருந்தார். அதை ஒலிபரப்ப வேண்டாம், பேச்சைப் பொதுவாக வைத்துக்கொள்ளுங்கள் என்று நாசா அதிகாரி டீக் ஸ்லேட்டன் கேட்டுக்கொண்டார். 1969 ஜூலை 20 அன்று, நிலவில் இறங்கிய ஈகிள் கலத்திலிருந்து ஆல்ட்ரின் சொன்னது இவ்வளவுதான்: கேட்டுக்கொண்டிருக்கும் எவரும், எங்கிருந்தாலும், சற்று நின்று, நடந்தவற்றை எண்ணி, அவரவர் வழியில் நன்றி செலுத்தட்டும். பிறகு வானொலித் தொடர்பில் மௌனம். அந்த மௌனத்தில் அவர் அப்பத்தைப் பிட்டு ரசத்தைப் பருகினார். அவர் வழிபாட்டை யாரும் தடுக்கவில்லை. அதில் யாரும் இழுக்கப்படவும் இல்லை. இரண்டு தடைகளும் ஒருசேர மதிக்கப்பட்ட தருணமாக எனக்கு இது படுகிறது. மனிதகுலம் முழுவதின் பெயரால் போன இடத்தில் கிறிஸ்தவச் சடங்கு தகுமா என்று 2009-இல் வெளியான தன் நூலில் ஆல்ட்ரின் மறுபரிசீலனை செய்தது அவர் நேர்மையைக் காட்டுகிறது.

அரசு ஒதுங்கி நின்றால் போதுமா? சில வேளை மதமும் இடம் கொடுக்க வேண்டியிருக்கிறது. 2007 அக்டோபரில், ரமலான் மாதத்தில், மலேசியாவின் ஷேக் முஸாஃபர் ஷுக்கோர் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் புறப்பட்டார். அது சுமார் 90 நிமிடத்தில் பூமியைச் சுற்றிவிடும். ஒரு நாளில் 16 சூரிய உதயம். ஒவ்வொரு உதயத்தையும் ஒரு நாளாகக் கொண்டால் 80 வேளை தொழ வேண்டும். மலேசிய மார்க்க அறிஞர்கள் கூடி வழிகாட்டிக் குறிப்பே தயாரித்தார்கள். ராக்கெட் புறப்பட்ட இடத்தின் நேரப்படி 24 மணி நேரத்துக்கு ஐந்து வேளை. முடிந்தால் கஅபாவை நோக்கி. இயலாவிட்டால் பூமியை நோக்கி. அதுவும் இயலாவிட்டால் எந்தத் திசையானாலும் சரி. நிற்கவோ உட்காரவோ படுக்கவோ முடியாவிட்டால் கண்ணசைவால் தொழலாம். விட்ட நோன்பை ஊர் திரும்பியபின் நோற்று ஈடுசெய்துகொள்ளலாம்.

செவ்வாய்ப் பயணம் இன்னும் கடினம். போய்த் திரும்ப இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும்; எழுந்து போக வேறு அறை இருக்காது. கலத்தின் தளபதியே எல்லாரையும் கூட்டிவைத்துப் பிரார்த்தனை நடத்தினால், அவருக்குக் கீழே இருப்பவர் எப்படி மறுப்பார்? ஆகவே பொது ஒலிபெருக்கியில் வழிபாடு கூடாது என்பதும், வழிபட வேண்டுமென்று கேட்பவருக்கு அதற்கான தனி நேரம் பணி அட்டவணையிலேயே உண்டு என்பதும் புறப்படுமுன் எழுத்தில் இருக்க வேண்டும்.