முறைவைத்துப் படம் பிடிக்கும் கேமராக்கள்

பலூன் வெடிப்பதைச் சாதாரண வீடியோவில் எடுத்துப் பாருங்கள். ஒரு படத்தில் முழுப் பலூன். அடுத்ததில் கிழிந்த ரப்பர். நடுவில் நடந்தது எதுவும் அகப்படாது. நொடிக்கு 30 படம் எடுக்கும் கேமராவின் இரு படங்களுக்கிடையே, மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்து 1.3 மீட்டர் தாண்டிவிடுகிறது.

2004இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பென்னெட் வில்பர்னும் சகாக்களும் வேகமான கேமராவைத் தேடவில்லை. மலிவான 52 கேமராக்களை நெருக்கமாக அடுக்கி, ஒன்றன்பின் ஒன்றாக முறைவைத்துப் படம் பிடிக்கச் செய்தார்கள். தனித்தனியே எதுவும் நொடிக்கு 30ஐத் தாண்டவில்லை. மொத்தமாக 1,560! இப்போது அதே பந்து இரு படங்களுக்கிடையே நகர்வது இரண்டரை சென்டிமீட்டர்தான்; அதன் அகலத்தில் பாதிகூட இல்லை. ஒரு கேமரா ஒளியை வாங்கிக்கொண்டிருக்கும்போதே அடுத்தது தொடங்கிவிடலாம் என்பதால் வெளிச்சப் பஞ்சமும் குறைந்தது.

மலிவுக் கேமராவில் ஒரு கோளாறு உண்டு. அது முழுப் படத்தையும் ஒரே கணத்தில் பதிவதில்லை. மேலிருந்து வரிவரியாக இறங்கும். ரோலிங் ஷட்டர் என்பது இதுதான். அடிவரிக்கு வருவதற்குள் பலூன் உருமாறிவிடும், படம் கோணலாகும். இதற்கு அவர்கள் கண்ட வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு கேமரா மேல்வரியில் இருக்கும் கணத்தில் இன்னொன்று நடுவரியிலும் வேறொன்று அடிவரியிலும் இருக்குமல்லவா? ஒரே கணத்துக்குரிய வரிகளைப் பல கேமராக்களிலிருந்து பொறுக்கி ஒட்டினார்கள். கோணல் மறைந்தது.

ஆனால் அந்தப் படம் தட்டையானது. ஆழம் தெரிய, ஒரு பொருளை இரண்டு இடங்களிலிருந்து ஒரே கணத்தில் பார்க்க வேண்டும். இரு பார்வைக்கோடுகளும் சந்திக்கும் இடத்தில் பொருள் இருக்கும். முறைவைத்தால் அந்த ஒரே கணம் கைநழுவுகிறது.

இதற்கு வழி பின்னால்தான் பிறந்தது. 2023இல் வெளிவந்த காஸியன் ஸ்பிளாட்டிங் முறை, காட்சியை லட்சக்கணக்கான வண்ணப் பஞ்சுப்பொதிகளாகக் கணினிக்குள் அடுக்குகிறது. பின்னர் வந்தவர்கள் அந்தப் பொதிகளுக்கு அசைவும் கொடுத்தார்கள். இனிக் கேமராக்கள் ஒரே கணத்தில் பார்த்தாக வேண்டியதில்லை. ஒவ்வொரு கேமராவும் அது பார்த்த கணத்தில் என்ன கண்டிருக்கும் என்று கணினி வரைகிறது; நிஜப் படத்தோடு ஒப்பிட்டுப் பொதிகளைச் சற்றே நகர்த்துகிறது. படம் பொருந்தும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்கிறது.

ஒரு கணத்தைப் பார்த்த கண்கள் மிகக் குறைந்தால், இல்லாத துகள்கள் காற்றில் மிதப்பதுபோலத் தோன்றும். அதனால் கேமராக்களைக் குழுக்களாகப் பிரிக்கலாம்: குழுவுக்குள் ஒரே கணம், குழுக்களுக்கிடையே முறை. நான்கு குழு என்றால் நொடிக்கு 25 படம் எடுக்கும் கேமராக்களிலிருந்து 100 படம் கிடைக்கிறது.