பூனைக்குச் சிக்கெடுத்தல்



நம் தலையில் சிக்கு விழுந்தால் சீப்பை எடுத்து நுனியிலிருந்து மெல்ல வாரிவிடுகிறோம். பூனைக்குச் சிக்கு விழுந்தால் அது என்ன செய்யும்? அதனிடம் சீப்பு இல்லை. உள்ளது நாக்கு ஒன்றே. அந்த நாக்கும் எட்டாத அளவுக்கு நீண்ட உரோமம் கொண்ட பூனைகள் இன்று நம் புதுச்சேரி நகரத்து வீடுகளில் வளர்கின்றன. அவற்றின் உரோமம் ஏன் சடையாகத் திரிகிறது, அதனை வீட்டிலேயே நீக்குவது எப்படி, எந்த இடத்தில் நம் கையை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பவற்றையே இன்று சொல்ல எடுத்துக்கொண்டேன்.

நம் நாட்டுப் பூனைகள் பெரும்பாலும் குறுமயிர் உடையவை. நீள்மயிர்ப் பூனை வேற்று நாட்டிலிருந்து வந்த விருந்தாளி. பதினேழாம் நூற்றாண்டில் பாரசீகத்தில் பயணம் செய்த இத்தாலியரான பியெத்ரோ தெல்லா வாலே, கொராசான் பகுதியின் நீள்மயிர்ப் பூனைகளைப் பற்றித் தம் கடிதத்தில் வியந்து எழுதினார். 1871ஆம் ஆண்டு இலண்டன் மாநகரின் பளிங்கு மாளிகையில் நடந்த பூனைக் காட்சியில் பாரசீகப் பூனைகளும் இடம்பெற்றன. அதன்பின் அழகை மட்டுமே கருதி மனிதர் இணைசேர்த்து வளர்த்ததால், அவ்வினத்தின் உரோமம் மேலும் நீண்டது, மேலும் அடர்ந்தது.

இந்த நீளத்திற்குக் காரணம் என்ன? ஒவ்வொரு மயிரும் சில காலம் வளரும், பிறகு வளர்ச்சி நின்று ஓய்வு கொள்ளும், பிறகு உதிரும். 'போதும், நில்' என்று வளர்ச்சியை நிறுத்தும் பணியை எஃப்.ஜி.எஃப்.5 என்னும் மரபணு செய்கிறது. பூனையில் அந்த மரபணு பழுதுபட்டிருந்தால் வளரும் காலம் நீண்டுவிடுகிறது, மயிரும் நீண்டுவிடுகிறது. இதனை 2007ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதுபட்ட மரபணு வந்தால்தான் குட்டி நீள்மயிர் பெறும். ஆகவே குறுமயிர்ப் பூனைகள் இரண்டுக்கு நீள்மயிர்க் குட்டி பிறப்பதும் உண்டு.

உரோமம் நீண்டது; நாக்கு நீளவில்லை. பூனையின் நாக்கில் முள் போன்ற சிறு கூம்புகள் உள்ளன என்பதை, பூனை நக்கிய கையை உடையவர் யாவரும் அறிவர். அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த அலெக்சிஸ் நோயல், டேவிட் ஹூ ஆகிய இருவர், வீட்டுப் பூனை முதல் புலி, சிங்கம் வரை ஆறு இனங்களின் நாக்குகளை ஆராய்ந்து 2018ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். அம்முட்களின் நுனி அகப்பைபோல் குழிந்தது. வாயின் உமிழ்நீரை ஏந்திச் சென்று தோல்வரை சேர்க்கிறது. பாரசீகப் பூனையின் அடர்ந்த உரோமத்திலோ அந்த முள் தோலை எட்டுவதில்லை. இதிலிருந்து ஒரு கடமை பிறக்கிறது. நாக்கு செய்யமுடியாது விட்ட வேலையை நம் கை செய்தாக வேண்டும்.

நிற்க. சடை என்பது அழுக்கு அன்று. அது ஒரு பின்னல். இந்த ஒன்றை உணர்ந்தால் மற்றவை தாமே விளங்கும். பூனையின் மேற்புறத்து மயிர் சற்று முரடானது. அதன் அடியில் பஞ்சுபோன்ற மெல்லிய மயிர் உண்டு. இந்த அடிமயிர் உதிரும்போது வெளியே விழ வழியின்றி உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. உராய்வு அதனை முறுக்குகிறது. தோலின் எண்ணெய்ப் பசையும் ஈரமும் அதனை இறுக்குகின்றன.

ஈரம் எப்படி இறுக்கும் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு சோதனை செய்து பாருங்கள். நீண்ட தலைமயிர் ஒன்றைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே பிடித்து, அதன் நீளவாக்கில் விரல்களை முன்னும் பின்னுமாகத் தேயுங்கள். மயிர் ஒரே திசையில், வேர்முனை முன்செல்ல, நகர்ந்துகொண்டே போகும். மயிரின் மேல் ஓட்டுக்கூரைபோல் அடுக்கிய நுண்ணிய செதில்கள் இருப்பதே காரணம். ஈரத்தில் மயிர் ஊறும்போது இச்செதில்கள் நிமிர்ந்து ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. நெய்யாமலே கம்பளிமயிரை நனைத்துத் தேய்த்து 'ஃபெல்ட்' தொப்பிக்குத் துணி செய்வதும் இந்த முறையில்தான். சடை விழுந்த பூனையைக் குளிப்பாட்டுகிறவர், தம்மை அறியாமல் அதன் உடம்பிலேயே அத்தகைய துணியைச் செய்கிறார்! கடற்காற்றின் ஈரம் நிறைந்த நம் ஊரில், அதிலும் ஐப்பசி கார்த்திகை அடைமழையில், இதனை மறக்கலாகாது. முதலில் சிக்கெடுக்க வேண்டும். குளிப்பாட்டுவது அதன் பிறகே.

சடை கண்ணுக்கு மட்டுமா கேடு? ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் அது தோலை இழுக்கிறது. எங்கள் தெருவில் ஒரு வீட்டுப் பூனைக்குப் 'பொல்லாத பூனை' என்று பெயர். தொட்டால் கடிக்கும், மடியில் ஏறாது. கால்நடை மருத்துவர் அதன் முன்னங்கால் இடுக்கைப் பார்த்தபோது, இரு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்குச் சடை இறுகி, அடித்தோல் சிவந்து புண்ணாகி இருந்தது. அதனை நீக்கிய சில நாட்களில் பூனை தானாகவே மடி தேடி வந்ததை நானே கண்டேன். அதன் கடி குணத்தால் வந்ததன்று, வலியால் வந்தது. இத்தகைய புண்ணில் ஈரம் தங்கினால் ஈக்கள் முட்டையிட்டுப் புழு வைப்பதும் உண்டு.

இனிச் செய்முறையைக் கூறுகிறேன். பூனை உண்டு களைத்துப் படுத்திருக்கும் வேளையைத் தேர்ந்துகொள்ளுங்கள். காதின் பின்புறம், கழுத்துப்பட்டையின் அடி, முன்னங்கால் இடுக்கு, வயிறு, பின்தொடையின் உட்புறம், வாலின் அடி ஆகிய இடங்களை விரல்களால் தடவிப் பாருங்கள். சிறிய சடை கிடைத்தால், தோலை ஒட்டிய அதன் அடியை ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். அப்போது இழுப்பு உங்கள் விரலில் நிற்கும், தோலுக்குப் போகாது. சிட்டிகை சோளமாவைத் தூவினால் மயிர் வழுக்கிக் கொடுக்கும். மற்றொரு கையின் விரல்களால் சடையைப் பஞ்சு பிரிப்பதுபோல் இரண்டாக, நான்காகப் பிரியுங்கள். பிறகு பல் அகன்ற உலோகச் சீப்பினால் நுனியிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக வேரை நோக்கி வாருங்கள். இறுதியில் நெருங்கிய பல்லுள்ள சீப்பு. பூனை வாலை அடித்தாலும், காதை மடித்தாலும் அன்றைய வேலை முடிந்தது என்று விட்டுவிடுங்கள். மிச்சத்தை நாளை பார்த்துக்கொள்ளலாம்.

உரோமத்தில் நாம் எதைத் தடவினாலும் அது பூனையின் வயிற்றுக்குள் போகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பினாயில் கலந்த நீர், தேயிலைமர எண்ணெய் போன்றவை பூனைக்கு நஞ்சு. பெர்மெத்ரின் சேர்ந்த நாய் உண்ணி மருந்து பூனையின் உயிரையே போக்கும்.

கத்தரிக்கோலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பூனையின் தோல் மெல்லியது; தளர்ந்தது. சடையைத் தூக்கிப் பிடித்தால் அடித்தோலும் கூடாரம்போல் உடன் எழுந்து வரும். எது மயிர், எது தோல் என்று கண்ணுக்குத் தெரியாது. ஒரே வெட்டில் பெருங்காயம் நேர்ந்துவிடும். ஆதலின் சடைக்குக் கத்தரிக்கோலை எடுக்கவே வேண்டா.

சடைக்கும் தோலுக்கும் இடையே சீப்பின் பல் நுழையுமா என்பதே நமக்கு அளவுகோல். நுழைந்தால் அது வீட்டு வேலை. நுழையாவிட்டால் மருத்துவரின் வேலை. அவர், வேண்டுமானால் மயக்க மருந்து கொடுத்து, மயிர் மழிக்கும் இயந்திரத்தால் வலியின்றி எடுத்துவிடுவார். நம் புதுச்சேரியில் குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்வி நிறுவனமே இருக்கிறது. நாம் துணையற்றவர்கள் அல்லர்.

இன்னொன்றும் உண்டு. நேற்றுவரை தன்னைத் தானே பேணிவந்த பூனைக்குத் திடீரெனச் சடை விழுந்தால், உரோமத்தோடு நில்லாமல் உடம்பையும் ஆராய வேண்டும். முதுமையில் மூட்டு வலி கண்ட பூனை உடலைத் திருப்பி நக்க இயலாது. பருத்த பூனைக்கு முதுகு எட்டாது. பல்வலி உள்ள பூனை நக்குவதையே விட்டுவிடும். சடை அங்கே நோயின் அறிவிப்பு.

இவ்வளவு தொல்லையும் வாராமல் தடுக்க நாள்தோறும் பத்து நிமிடம் போதும். குட்டியாக இருக்கும்போதே சீப்பைப் பழக்கிவிட்டால், வளர்ந்தபின் அதுவே வந்து உடம்பை நீட்டும். அழகிய பூனைக்குட்டி ஒன்றை விலை கேட்கும் முன், அந்தப் பத்து நிமிடம் நாள்தோறும் நம்மிடம் உண்டா என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். 'உண்டு' என்று உறுதியாகச் சொல்ல முடிந்தவர் வாங்கட்டும். முடியாதவருக்குக் குறுமயிர் கொண்ட நம் நாட்டுப் பூனையே ஏற்ற துணை.