அமுக்கம்: குளக்கட்டு முதல் குருதிக்குழாய் வரை

நமது இல்லங்களிலே பெரியோர்கள் "எனக்குப் பிறஷர் இருக்கிறது" என்று கூறுவதை மாணவர்களாகிய நீங்கள் கேட்டிருப்பீர்கள். உண்மையில் பிறஷர், அதாவது அமுக்கம், எல்லோருக்கும் உண்டு. அது இல்லாவிடின் நாம் உயிர்வாழ இயலாது. அளவுக்கு மிஞ்சும்போதே அது நோயாகின்றது. இந்த அமுக்கம் இயற்கையிலும் இயந்திரங்களிலும் நம் உடலிலும் எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதை இங்கு நோக்குவோம்.

அமுக்கம் என்றால் என்ன?

ஒரு பரப்பின் மீது செலுத்தப்படும் விசையை அப்பரப்பளவால் வகுத்தால் கிடைப்பதே அமுக்கமாகும். மேசைமேல் வைத்த கல் கீழ்நோக்கி மட்டுமே அழுத்தும். ஆனால் நீரும் காற்றும் தம்மைச் சூழ்ந்துள்ள எல்லாப் பக்கங்களையும் அழுத்துகின்றன. ஒரு பிளாஸ்ரிக் போத்தலில் மேலும் கீழுமாக மூன்று துளைகளை இட்டு நீர் நிரப்பிப் பாருங்கள். பக்கவாட்டிலுள்ள துளைகளால் நீர் வெளியேறும்; மிகக் கீழேயுள்ள துளையில் அதன் வேகம் மிக அதிகமாயிருக்கும். ஆழம் கூடக் கூட அமுக்கமும் கூடுகின்றது என்பதற்கு இதுவே சான்று.

இயற்கையில்

கடலினுள் ஏறத்தாழ ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்திற்கும் ஒரு வளிமண்டல அளவு அமுக்கம் கூடுகின்றது. 1960ஆம் ஆண்டில் பசுபிக் சமுத்திரத்தின் மிக ஆழமான மரியானா அகழியில் இருவர் இறங்கியபோது, அவர்களது கலம் ஆயிரம் வளிமண்டலங்களுக்கு மேற்பட்ட அமுக்கத்தைத் தாங்கவேண்டியிருந்தது.

நம் முன்னோர் கட்டிய குளக்கட்டுகள் மேலே ஒடுங்கியும் அடியில் அகன்றும் இருப்பது இக்காரணம் பற்றியே. ஆழத்து நீர் பேரமுக்கத்துடன் மதகினூடே பாயுமாயின் கட்டையே அரித்துவிடும். இதனைத் தடுக்க, இலங்கையின் பண்டைய பெருங்குளங்களிலே கட்டினுள் கிணறு போன்றதோர் அமைப்பை அமைத்து, வெளியேறும் நீரைக் கட்டுப்படுத்தினர். சிங்களத்தில் 'பிசோகொட்டுவ' எனப்படும் இவ்வமைப்பின் நுட்பத்தை ஆங்கிலேய நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பார்க்கர் 1909இல் வெளியிட்ட தம் நூலில் எடுத்துக்காட்டினார்.

இயந்திரங்களில்

அடைக்கப்பட்ட திரவத்தின் ஓரிடத்தில் செலுத்தப்படும் அமுக்கம் குறையாமல் எல்லாத் திசைகளிலும் கடத்தப்படும் என்பதைப் பதினேழாம் நூற்றாண்டிலே பிரெஞ்சு அறிஞர் பஸ்கால் விளக்கினார். ஒரு சதுர சென்ரிமீற்றர் பரப்புள்ள சிறிய முசலத்தில் ஒரு கிலோகிராம் பாரத்தை வைத்தால், அதனோடு இணைந்த நூறு சதுர சென்ரிமீற்றர் முசலம் நூறு கிலோகிராமைத் தாங்கும். எனினும் இதில் இலவசம் எதுவுமில்லை. பெரிய முசலம் ஒரு சென்ரிமீற்றர் உயர, சிறியது நூறு சென்ரிமீற்றர் தாழவேண்டும். இத்தத்துவத்தைக் கொண்டே 1795இல் ஆங்கிலேயரான பிராமா நீரியல் அழுத்திக்குக் காப்புரிமை பெற்றார்.

நமது மோட்டார் வாகனத்தின் பிறேக்கும் இவ்வாறே இயங்குகின்றது. பாதத்தின் அழுத்தத்தைக் குழாயிலுள்ள திரவம் சக்கரங்களுக்குக் கொண்டு செல்கின்றது. அத்திரவத்துள் காற்றுக்குமிழி புகுந்தால் ஆபத்து. திரவம் எளிதிற் சுருங்குவதில்லை, காற்றோ சுருங்கிவிடும். அப்போது மிதியை அழுத்தினாலும் வாகனம் உரியவாறு நில்லாது.

உடலில்

இதயமும் ஓர் இயந்திரமே. 1733இல் ஸ்ரீபன் ஹேல்ஸ் என்பவர், ஒரு குதிரையின் குருதிக்குழாயில் நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தியபோது குருதி எட்டு அடிக்கு மேல் எழுந்தது என்று எழுதினார். நல்லவேளையாக, இன்று கையிற் சுற்றும் பட்டியே நமக்குப் போதும். அது காட்டும் 120/80 என்னும் எண்களில், முதலாவது இதயம் சுருங்கும்போதுள்ள அமுக்கம். இரண்டாவது அது தளரும்போதுள்ள அமுக்கம். இவை இரச மில்லிமீற்றர்களில் தரப்படுகின்றன. 120 என்னும் அமுக்கம் குருதியை ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் உயரத்திற்கு எழுப்ப வல்லது.

போத்தலில் நாம் கண்ட விதி இங்கும் பொருந்தும். கையைத் தாழத் தொங்கவிட்டு அளந்தால் எண் கூடும், உயர்த்தினால் குறையும். ஆகவே சற்று நேரம் அமைதியாக அமர்ந்தபின், மேற்கையை இதய மட்டத்தில் தாங்கி வைத்தே அளத்தல் வேண்டும்.

அளவுக்கு மிஞ்சிய அமுக்கம் ஆண்டுக்கணக்கில் நீடித்தால் குருதிக்குழாய்களின் சுவர்கள் பழுதடையும். பாரிசவாதம், மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு என்பன இதன் விளைவுகளாகும். ஆயினும் பெரும்பாலானோர்க்கு எவ்வித வலியும் அறிகுறியும் தோன்றுவதில்லை. "எனக்கு ஒன்றுமில்லை" என்று கூறுபவருக்கும் அது இருக்கக்கூடும். அளந்து பார்ப்பதே அறியும் வழி. உப்பைக் குறைத்தல், நாள்தோறும் நடத்தல், புகைத்தலைக் கைவிடுதல், வைத்தியர் தந்த மருந்தை இடையில் நிறுத்தாதிருத்தல் ஆகியவை பயன் தரும்.

குளக்கட்டு உடைந்தபின் மண் சுமப்பதிற் பயனில்லை. மாணவர்களே, இக்கட்டுரையை உங்கள் அப்பம்மா, அம்மம்மா, தாத்தாமாருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் கடைசியாகக் குருதி அமுக்கத்தை எப்போது அளந்தார்கள் என்று கேளுங்கள். வைத்தியரின் மொழி அவர்களுக்கு விளங்காவிடின் உடன் சென்று தமிழில் எடுத்துரையுங்கள். இங்கு நாம் கற்கும் தமிழுக்கு அதனினும் சிறந்த பயன் வேறில்லை.