ட்ரிப் சுவிட்ச் ஏன் விழுகிறது?

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை மலைச்சரிவுகளில் உள்ள வீடுகளில் ஒரு முறைப்பாடு எழுவது வழக்கம். தேநீருக்காக மின்கேத்தலைப் போட்டதும் வீடு இருண்டுவிடுகிறது. ட்ரிப் சுவிட்சை மேலே உயர்த்தினால் மறுகணமே விழுகிறது. சுவிட்ச் பழுதாகிவிட்டது என்று பலரும் முடிவு செய்கின்றனர். பெரும்பாலும் அம்முடிவு தவறானது.

லக்சபானா நீர்மின் திட்டத்தின் முதற்கட்டம் 1950ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. அதன் பின்னரும் பல்லாண்டு காலம் தோட்டங்களில் மின்னொளி பெரும்பாலும் தொழிற்சாலைக்கும் பங்களாவுக்குமே உரியதாயிருந்தது. லயன்களில் குப்பிலாம்பே எரிந்தது. பிற்காலத்தில் லயன் அறைகளுக்கும் மின்சாரம் வந்தது. அதனோடு வரவேண்டிய பாதுகாப்பு எல்லா அறைகளுக்கும் ஒருங்கே வந்து சேரவில்லை.

உருகியின் தொழில் வேறு, ட்ரிப் சுவிட்சின் தொழில் வேறு. இலங்கையில் வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. 2000 வாற்றுக் கேத்தல் ஒன்று ஏறத்தாழ 8.7 அம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். கம்பி தாங்கும் அளவை மின்னோட்டம் கடந்தால் உருகி எரிந்து, கம்பி தீப்பற்றாமல் காக்கும். ஆனால் ஒரு மனிதனின் உயிரைப் பறிக்க அம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும். அத்துணைச் சிறிய ஓட்டத்தை உருகி அறியாது. ட்ரிப் சுவிட்சோ, வீட்டுக்குள் செல்லும் மின்னோட்டத்தையும் திரும்பி வருவதையும் இடைவிடாது ஒப்பிடுகிறது. இரண்டுக்கும் 30 மில்லி அம்பியர் அளவு வேறுபாடு தோன்றினாலே கணத்தில் இணைப்பைத் துண்டிக்கிறது. உருகி கம்பியைக் காக்கிறது. ட்ரிப் சுவிட்ச் மனிதனைக் காக்கிறது.

வேறுபாடு தோன்றுவதற்குக் காரணம் கசிவு. மின்கேத்தல், மின்னழுத்தி முதலியவற்றின் சூடாக்கும் கம்பியைச் சுற்றி வெண்ணிறத் தூள் ஒன்று செறிக்கப்பட்டிருக்கும். உறையில் சிறு வெடிப்பு ஏற்பட்டால் அத்தூள் ஈரத்தை உறிஞ்சும். மின்சாரம் உலோக உடலுக்குக் கசியும். மூடுபனியும் மழையும் மாறி மாறி வரும் ஊவா மலைகளில் இது எளிதில் நேரும். மின்வயர் கைப்பிடியருகே மடிந்து தேய்வதும், ஒழுகும் தகரக் கூரையின் நீர் சுவரிலுள்ள இணைப்பில் இறங்குவதும் பிற காரணங்களாகும். இடிமின்னல் வேளையில் விழுந்து, உயர்த்தியபின் நிலைத்து நின்றால் வீட்டில் பழுது இருக்க வேண்டுமென்பதில்லை.

குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் முறை எளியது. ஈரமற்ற கையுடன் எல்லாப் பிளக்குகளையும் கழற்றிவிட்டுச் சுவிட்சை உயர்த்த வேண்டும். நின்றுவிட்டால் பழுது பொருள்களில் ஒன்றில் உள்ளது. ஒவ்வொன்றாகச் செருகிப் போட்டுப் பார்த்தால் எதனைப் போடும்போது விழுகிறதோ அதுவே காரணம். அதனை ஒதுக்கிவைத்துத் தகுதிபெற்ற மின்பணியாளரிடம் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கழற்றிய பின்னும் விழுமாயின் பழுது சுவர்க் கம்பிகளில் உள்ளது; அதில் வீட்டார் கைவைக்கலாகாது.

இங்கு இரண்டு தவறுகள் உயிருக்கே உலை வைப்பவை. முதலாவது, பழுதான கேத்தலை ட்ரிப் சுவிட்ச் இல்லாத அயலறையில் செருகி, "இங்கே நன்றாக வேலை செய்கிறதே" என்று மகிழ்வது. கசிவு அங்கும் உண்டு; அதைத் தடுக்கும் காவல் மட்டுமே இல்லை. இரண்டாவது, சுவிட்ச் விழாதிருக்கப் புவித்தொடுப்புக் கம்பியை வெட்டிவிடுவது. அக்கம்பி கசிவை மண்ணுக்குக் கொண்டு செல்லும் வழி. அவ்வழி அடைபட்டால் மின்சாரம் கேத்தலின் உடலிலேயே காத்திருக்கும். ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்று அதைத் தொடுபவரின் உடலே அடுத்த வழியாகும்.

சுவிட்சில் பரிசோதனைப் பொத்தான் ஒன்று உண்டு. சில மாதங்களுக்கு ஒருமுறை அதை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியவுடன் விழுந்தால் காவலன் விழித்திருக்கிறான் என்பது பொருள். விழாவிட்டால் மாற்றுவதற்குத் தாமதிக்கலாகாது. அடிக்கடி விழும் சுவிட்ச் தொல்லை தருவதுதான். ஆனால் விழ மறந்த சுவிட்ச் தரும் தொல்லை, ஒரு குடும்பத்துக்கு வாழ்நாள் முழுதும் தீராதது.