திரை விளையாட்டும் தெவிட்டும் நேரமும்

உழைப்புக்குப் பின் ஓய்வும், ஓய்வில் ஒரு விளையாட்டும் மனித இயல்பு. தாயமும் பல்லாங்குழியும் இருந்த இடத்தில் இன்று திரை விளையாட்டுகள் அமர்ந்துவிட்டன. எவ்வளவு நேரம் ஆடலாம்? பெற்றோர் அரைமணி என்பர். மாணவர் விடியும்வரை என்பர். எந்த விளையாட்டு என்று இரு சாராரும் கேட்பதில்லை. விடை அதில்தான் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து.

முதலில் கைவேக ஆட்டங்களைப் பார்ப்போம். 1978-இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ், 1980-இல் வந்த பேக்-மேன் ஆகியவை காசு போட்டு ஆடும் இயந்திரங்களாகப் பிறந்தவை. ஆட்டம் சீக்கிரம் முடிந்தால்தான் அடுத்த காசு விழும். 1991-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் இரண்டாம் பாகத்தில், ஒவ்வொரு சுற்றும் 99-இலிருந்து இறங்கும் கடிகாரத்துக்குள் முடிந்தாக வேண்டும். இவ்வகை ஆட்டத்தின் சுவை கடுகைப் போன்றது. சிறிது, ஆனால் காரம். என் அனுபவத்தில் முக்கால் மணிக்கு மேல் அந்தக் காரம் நிற்பதில்லை.

அடுத்தது புதிர் ஆட்டம். 1984-இல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் உருவாக்கிய டெட்ரிஸ் இதற்குச் சான்று. கட்டைகள் விழும் வேகம் கூடிக்கொண்டே போவதால், ஆட்டம் தானே முடிந்துவிடும். மனம்தான் முடிப்பதில்லை. டெட்ரிஸ் ஆடியவர்கள் உறங்கத் தொடங்கும் வேளையிலும் கட்டைகள் விழுவதைக் கண்டார்கள் என்று, ஹார்வர்டைச் சேர்ந்த ராபர்ட் ஸ்டிக்கோல்டு குழுவினர் 2000-இல் எழுதினர்.

2017-இல் வெளிவந்த பப்ஜி போன்றவற்றில் நூறு பேர் களமிறங்குவர். வட்டம் சுருங்கச் சுருங்க, ஏறத்தாழ அரைமணியில் போர் முடியும். ஆனால், வென்றவன் மகிழ்ச்சியில் மறுபடி ஆடுவான். தோற்றவன் ரோஷத்தில் ஆடுவான். இரண்டு மூன்று ஆட்டங்களுக்குப் பின் எஞ்சுவது பெரும்பாலும் ரோஷமே.

சிந்தனை ஆட்டங்களோ வேறு வகை. சிட் மையரின் சிவிலைசேஷன் 1991-இல் வந்தது. கி.மு. 4000-இல் ஒரு குடியேற்றத்தோடு தொடங்கி, பேரரசை எழுப்ப வேண்டும். அவசரம் இல்லாததால் இரண்டு மூன்று மணி நேரம் அலுப்பே தோன்றாது. ஆனால் எப்போதும் ஒரு மதில் பாதியில் நிற்கும். ஒரு கப்பல் நடுக்கடலில் இருக்கும். "இன்னும் ஒரே ஒரு முறை" என்று கை நீளும். கதை ஆட்டங்கள் நாவலைப் போன்றவை. 1986-இல் ஜப்பானில் வெளிவந்த செல்டாவிலேயே, விட்ட இடத்தைப் பதிந்து வைத்து மறுநாள் தொடரும் வசதி இருந்தது. அத்தியாயம் முடிந்ததும் மூடலாம்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன? ஆட்டத்தின் கடினமும் ஆடுபவரின் திறமையும் சமமாக இருக்கும்போதுதான் மனம் முழுமையாக ஒன்றுகிறது என்றார் உளவியல் அறிஞர் மிஹாய் சிக்சென்ட்மிஹாய். எளிதானால் சலிப்பு, கடினமானால் பதற்றம். கை சோர்ந்தால் திறமை குறைகிறது. பத்து நிமிடத்துக்கு முன் இன்பமாயிருந்த அதே ஆட்டம் எரிச்சலாகிறது. முதலில் சோர்வது கை, பிறகு சிந்தனை, கடைசியில்தான் கதை கேட்கும் ஆவல். ஆட்டத்துக்கு ஆட்டம் நேரம் மாறுவது இதனால்தான் என்று எண்ணுகிறேன்.

சீன அரசு 2021-இல், பதினெட்டு வயதுக்குட்பட்டோர் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மட்டும் இரவு 8 முதல் 9 மணிவரை இணைய விளையாட்டு ஆடலாம் என்று விதித்தது. ஆனால் 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், விளையாட்டுக் கோளாற்றுக்கு மணிக்கணக்கை அளவுகோலாக வைக்கவில்லை. கட்டுப்பாடு இழத்தல், மற்ற கடமைகளை ஒதுக்குதல், கேடு கண்டும் தொடர்தல் ஆகியவையே அதன் அடையாளங்கள்.

ஆகவே மாணவ நண்பர்களே! கைவேக ஆட்டத்தைக் கோபம் எட்டிப்பார்க்கும்போதே நிறுத்துங்கள். போர் ஆட்டத்துக்கு எண்ணிக்கையை முன்னரே முடிவு செய்யுங்கள். முடிவில்லாத ஆட்டத்தை அலாரம் வைத்துக்கொண்டு ஆடுங்கள். அது தன் முடிவைத் தானே சொல்லாது. இன்னும் ஒரு பிடி கேட்கும் வயிற்றோடு இலையை மடிப்பவனுக்கே அடுத்த வேளையும் ருசிக்கும்.