பாடநூலிலேயே இருக்கிறது வழி

டியூஷனுக்கு அனுப்ப வசதியில்லை, சொல்லிக் கொடுக்க நமக்கும் படிப்பில்லை என்று கவலைப்படுகிறோம். தமிழக அரசு 2018 முதல் கொண்டுவந்த புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு அச்சிடப்பட்டுள்ளது. 'தீக்ஷா' என்ற இலவசச் செயலியில் அதை ஸ்கேன் செய்தால், அந்தப் பாடத்துக்கான காணொளியோ பயிற்சியோ திறக்கும். டேட்டா இருக்கும்போது பதிவிறக்கி வைத்தால், பிறகு இணையம் இல்லாமலும் பார்க்கலாம்.

போனைக் கொடுத்துவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போனால், பிள்ளை விளையாட்டுக்குத் தாவிவிடும். மஃரிபுக்குப் பிறகு 20 நிமிடம் பக்கத்தில் அமர்வோம். காணொளி முடிந்ததும் போனை வாங்கி வைத்துவிட்டு, "இப்ப எனக்குச் சொல்லிக் கொடு" என்று கேட்போம். பிள்ளை தடுமாறும் இடத்தைப் புத்தகத்தில் பென்சிலால் குறித்து, மறுநாள் ஆசிரியரிடம் கேட்கச் சொல்வோம். கேட்பதற்குப் படிப்புத் தேவையில்லை, பொறுமை போதும்.